149 டாலர் சில்லு: பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டரின் பழைய கணக்கு

கையில் இருக்கிற காசு இவ்வளவுதான், இதுக்குள்ள கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும், எந்தப் பார்ட்டில் குறைக்கலாம்? இந்தக் கேள்வியைக் கேட்காத கல்லூரிப் பையன் இருக்க மாட்டான். கேள்விக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. பதில்கள்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலாவதியாகின்றன. பழைய விலைப் பட்டியல்களையும் அந்தக் காலத்துச் சோதனைக் கட்டுரைகளையும் வரிசையாகப் படித்துக்கொண்டு வரும்போது, எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கேள்வி கிடப்பதாக எனக்குப் படுகிறது. மலிவான பார்ட் ஏன் மலிவாக இருக்கிறது?

ஒரு சில்லு மலிவாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதில் ஏதோ நிஜமாகவே குறைகிறது. இன்னொன்று, குறையே இல்லை, விலை உயர்ந்த தம்பியோடு ஒரே தறியில் நெய்யப்பட்டது, விற்பனைக்காக ஒரு பூட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களின் வரலாறு முழுக்க இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறுதான். அதன் உச்சம் 1998 ஆகஸ்ட் 24 அன்று வந்த ஒரு சில்லு. அதற்குப் போகுமுன் ஏழு வருடம் பின்னால் போகணும்.

பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்ப்பது எப்படிச் சாத்தியமானது என்பது தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981இல் ஐபிஎம் தன் பிசியைக் கடையில் கிடைக்கிற பாகங்களைக் கொண்டே கட்டியது. அதற்கே சொந்தம் என்று இருந்தது பயாஸ் மட்டும். அதைக் காம்பாக் சட்டப்படி மறு உருவாக்கம் செய்தது. பிறகு ஃபீனிக்ஸ் அதையே ஒரு சரக்காக எல்லோருக்கும் விற்றது. எண்பதுகளின் முடிவில் போர்டு ஒருவரிடம், டிஸ்க் ஒருவரிடம், கேபினெட் ஒருவரிடம் என்று வாங்கி வீட்டு மேசையில் வைத்து முடுக்கிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது.

1991 ஏப்ரலில் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற ப்ராசசரைக் கொண்டுவந்தது. அப்போது ஏஎம்டி தன் 40 மெகாஹெர்ட்ஸ் 386 சில்லை மலிவாக இறக்கி, இன்டெலின் அடிமட்டச் சந்தையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. 486டிஎக்ஸ் விலையைக் குறைத்தால் மேல்மட்ட லாபம் போய்விடும். என்ன செய்தார்கள்? 486இல் தசமக் கணக்குப் போடுகிற பிரிவு, அதாவது எஃப்பியு, உள்ளேயே இருந்தது. முதலில் வந்த எஸ்எக்ஸ்களில் அந்தப் பிரிவு சில்லுக்குள்ளே அப்படியே இருக்க, அதை முடக்கி விற்றார்கள். பின்னால் வந்தவற்றில்தான் வடிவமைப்பிலிருந்தே எடுத்தார்கள்.

இதில் பெரிய வேடிக்கை 487எஸ்எக்ஸ். எஸ்எக்ஸ் வாங்கியவர் பின்னால் எஃப்பியு வேண்டும் என்றால் போர்டில் காலியாக உள்ள சாக்கெட்டில் 487ஐ வாங்கிச் செருகலாம். பேருக்குத் துணைச் சில்லு. உண்மையில் அது ஒரு கூடுதல் பின் வைத்த முழு 486டிஎக்ஸ். செருகியவுடன் பழைய எஸ்எக்ஸை ஓரங்கட்டிவிட்டு மொத்த வேலையையும் அதுவே எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய முதல் சில்லு பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஏமாற்று வேலை என்று இதைத் திட்டியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் கேம் ஆடுகிறவன் கோணத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. 1993 டிசம்பரில் டூம் வந்தது. டூம் தன் கணக்குகளை முழு எண்களிலேயே போட்டது. எஃப்பியுவை அது தேடவே இல்லை. அதே வேகத்தில் ஓடும் டிஎக்ஸுக்கும் எஸ்எக்ஸுக்கும் டூமில் வித்தியாசம் கிடையாது! வெட்டப்பட்டது இவனுக்குத் தேவையே இல்லாத உறுப்பு. மிச்சமான காசை எங்கே போடுவது? அங்கேதான் விவரம் தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். டூம் திரை 320க்கு 200 புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பைட், ஆக 64,000 பைட். விநாடிக்கு 35 திரை என்பது டூமின் உச்சவரம்பு. பெருக்கினால் 22 லட்சம் பைட்டுக்கு மேல். பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் 16 பிட் அகலத்தில் சுமார் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற ஒற்றையடிப் பாதை. வெசா லோக்கல் பஸ் 32 பிட், ப்ராசசரின் பஸ் வேகத்திலேயே போகும். டிஎக்ஸுக்குக் கொட்டிய காசைவிட, வெசா ஸ்லாட் உள்ள போர்டுக்கும் அதற்கேற்ற டிஸ்ப்ளே கார்டுக்கும் போட்ட காசு அதிகம் பேசியது.

சரி, எஃப்பியு வேண்டாம் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது அதே ஐடி சாஃப்ட்வேர் 1996 ஜூனில் க்வேக்கை வெளியிட்டது. நிலவரம் தலைகீழாகிவிட்டது.

க்வேக்கில் சுவர், தரை, எதிரி எல்லாமே நிஜமான முப்பரிமாணம். சுவரின் மேல் ஒட்டிய படம் தூரத்துக்கு ஏற்றபடி சரியாகச் சுருங்கணும் என்றால், கொள்கைப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் வேண்டும். தசம வகுத்தல் என்பது ப்ராசசருக்கு மிக மெதுவான வேலை. மைக்கேல் ஆப்ராஷ் ஒவ்வொரு 16 புள்ளிக்கும் ஒருமுறை மட்டும் வகுத்துவிட்டு இடையில் உள்ளதைத் தோராயமாக நிரப்பினார். அதுமட்டுமில்ல, பென்டியத்தில் எஃப்பியு ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே முழு எண் பிரிவு அந்தப் 16 புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் போவதால் வகுத்தலுக்கான நேரம் கிட்டத்தட்ட மறைந்தே போகும். பென்டியத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதே வருடம் சந்தையில் மலிவு விலை நாயகன் சைரிக்ஸ் 6x86. பெயரில் ‘பிஆர்200+’ என்றிருக்கும், உண்மையான வேகம் 150 மெகாஹெர்ட்ஸ். பிஆர்166+ என்றால் 133. பொய்யில்லை, அலுவலக மென்பொருள்களை வைத்து நடத்திய சோதனையில் அது பென்டியம் 200க்கு ஈடுகொடுத்தது. முழு எண் வேலையில் கெட்டிக்காரச் சில்லு. எஃப்பியு மட்டும் பலவீனம். பென்டியம் வாங்க முடியாமல் சைரிக்ஸ் வாங்கிய ஒருவர் க்வேக்கைப் போட்டுப் பார்த்தபோது, தன்னுடையதைவிடக் குறைந்த எண் கொண்ட பென்டியம் முந்திப் போவதைப் பார்த்திருப்பார். எந்த அளவுகோலில் எழுதிய எண் என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பினால் இதுதான். இன்றைக்கும் ப்ராசசர் பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

1997 பிப்ரவரியில் காம்பாக் 999 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டரை இறக்கியது, உள்ளே சைரிக்ஸின் மீடியாஜிஎக்ஸ். ஆயிரம் டாலருக்குக் கீழே ஒரு பெரிய சந்தை இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது. இன்டெலிடம் அந்த விலைக்குச் சரக்கு இல்லை. பென்டியம் 2 அந்த வருடம்தான் வந்தது. ஒரு பெரிய கார்ட்ரிட்ஜ் மாதிரி இருக்கும், அதில் ப்ராசசர் ஒரு சில்லு, பக்கத்தில் 512 கேபி கேஷ் மெமரி தனிச் சில்லுகளில், அதுவும் ப்ராசசரின் பாதி வேகத்தில். அந்தக் கேஷ் சில்லுகள் காசு பிடித்த சமாச்சாரம். அவற்றை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, மேல் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிட்டு, 1998 ஏப்ரலில் 155 டாலருக்கு செலரான் 266 என்று விற்றார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. இரண்டாம் நிலை கேஷ் மெமரியே இல்லாத ப்ராசசர் அலுவலக வேலையில் திணறியது. இது பூட்டு இல்லை, உண்மையான வெட்டு.

அவசரமாக அதைத் திருத்தி, ஆகஸ்ட் 24 அன்று செலரான் 300ஏ வந்தது. கடைசியில் உள்ள அந்த ‘ஏ’ முக்கியம், ஏனென்றால் கேஷ் இல்லாத 300ம் கடையில் இருந்தது. 300ஏயில் 128 கேபி கேஷ். பென்டியம் 2இல் இருப்பதில் கால்வாசிதான். ஆனால் இதைத் தனிச் சில்லாக வைக்காமல் ப்ராசசர் சில்லுக்குள்ளேயே பதித்தார்கள். அதனால் அது ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடியது. ட்ரான்சிஸ்டர் எண்ணிக்கை 75 லட்சத்திலிருந்து 1 கோடியே 90 லட்சமாக ஏறியது. மலிவு சில்லுக்குள் அதிக ட்ரான்சிஸ்டர்!

அதே நாளில் இன்டெல் தன் உச்ச மாடலையும் வெளியிட்டது, பென்டியம் 2 450. விலை 669 டாலர். 300ஏ 149 டாலர். இரண்டுமே ஆயிரம் எண்ணம் மொத்தமாக வாங்குபவருக்கான விலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடை விலை நாளுக்கு நாள் ஆடும்.

இனி கணக்கு. ப்ராசசரின் வேகம் என்பது போர்டின் பஸ் வேகத்தை ஒரு மல்டிப்ளையரால் பெருக்கியது. 300ஏக்கு மல்டிப்ளையர் 4.5, அதை மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், ஆக 300. பென்டியம் 2 450க்கும் மல்டிப்ளையர் அதே 4.5, பஸ் 100. அந்த ஏப்ரலில்தான் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் தரும் 440பிஎக்ஸ் சிப்செட் வந்திருந்தது. அப்படியென்றால் 300ஏயை பிஎக்ஸ் போர்டில் போட்டு பஸ்ஸை 100 ஆக்கினால்? நேராக 450. நடுவில் ஒரு படியும் இல்லை. பிஎக்ஸ் போர்டில் 100 என்பது முறையான வேகம் என்பதால் பிசிஐ 33லும் ஏஜிபி 66லும் அப்படியே இருக்கும், மற்ற கார்டுகள் எதுவும் தடுமாறாது. அதிவேகமாக ஓடுவது ப்ராசசர் மட்டும்தான்.

ஏபிட் பிஎச்6 என்ற தைவான் போர்டில் இதைச் செய்ய ஜம்பரைக்கூடத் தொட வேண்டாம், பயாஸ் திரையிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டுகளுக்கும் ஆட்கள் வழி கண்டுபிடித்தார்கள். ஸ்லாட் 1 கார்ட்ரிட்ஜில் பி21 என்ற பின்தான் ‘நான் 66’ என்று போர்டுக்குச் சொல்கிறது. அந்த ஒரு பின்னை டேப் துண்டாலோ நகப்பாலிஷாலோ மூடிவிட்டால் போர்டு 100 என்று எடுத்துக்கொள்ளும். 520 டாலர் வித்தியாசத்தை ஒரு சொட்டு நகப்பாலிஷ் தாண்டியது.

ஏன் பெரும்பாலான 300ஏக்கள் இதைத் தாங்கின என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. மாம்பழ வியாபாரி கூறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பழம் நூறு ரூபாய்க் கூறு, சின்னது ஐம்பது. அன்றைக்குக் கூடை முழுக்கப் பெரிய பழமாகவே வந்துவிட்டது, ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஐம்பது ரூபாய்க்காரர்கள். வியாபாரி என்ன செய்வார்? பெரிய பழத்தையே ஐம்பது ரூபாய்க் கூறில் வைப்பார். 1998இல் இன்டெலின் 0.25 மைக்ரான் உற்பத்தி முறை நன்றாகப் பழுத்துவிட்டது, வருகிற சில்லுகளில் பெரும்பாலானவை 450ஐத் தொடக்கூடியவை. சந்தை கேட்டதோ 300. இன்னொரு காரணமும் சேர்ந்தது. பென்டியம் 2இல் வேகத்தை இழுத்துப் பிடித்தவற்றுள் ஒன்று வெளியே இருந்த கேஷ் சில்லுகள். செலவைக் குறைக்க அவற்றைத் தூக்கியபோது அந்தக் கடிவாளமும் சேர்ந்து போய்விட்டது. க்வேக் 2 போன்ற கேம்களில் 450இல் ஓடும் 300ஏ, நிஜமான பென்டியம் 2 450க்குத் தோளோடு தோள் நின்றது. அளவு கால்வாசி, வேகம் இரட்டிப்பு.

எல்லாச் சில்லும் இல்லை. சிலது 2.0 வோல்ட்டில் நிற்கும், சிலதுக்கு 2.2 கொடுக்கணும், சிலது என்ன கொடுத்தாலும் ஏறாது. சோதித்துப் பார்த்து ‘450 உறுதி’ என்று கூடுதல் விலைக்கு விற்ற கடைகள் வந்தன. இதே விஷயத்துக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. குறைந்த வேகச் சில்லின் மேலுள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதிக வேகத்தை அச்சடித்து விற்கும் மோசடி தொண்ணூறுகளில் பரவலாக இருந்தது. மல்டிப்ளையரைப் பூட்டியதற்கு இன்டெல் சொன்ன காரணமே அதுதான். தெரிந்து செய்தால் சாமர்த்தியம், தெரியாமல் தலையில் கட்டினால் திருட்டு. சில்லுக்குள் நடப்பது இரண்டிலும் ஒன்றே.

மிச்சமான 520 டாலர் எங்கே போகும்? அந்த வருடத் தொடக்கத்தில் 3டிஎஃப்எக்ஸின் வூடூ2 வந்திருந்தது, 12 எம்பி கார்டு அறிமுக விலை சுமார் 300 டாலர். டூம் காலத்தில் பாதைக்குப் போன காசு இப்போது தனி முப்பரிமாணக் கார்டுக்குப் போனது. வூடூவுக்கு ஒரு குறை, சாதாரணத் திரை வேலையே தெரியாது. இன்னொரு டிஸ்ப்ளே கார்டு வைத்து இரண்டையும் பின்பக்கம் ஒரு கேபிளால் இணைக்கணும். இன்றைக்கும் பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டரில் மிகப் பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ற விதி அப்போது பிறந்ததுதான்.

நம்ம ஊர்க் கணக்கையும் பார்ப்போம். அன்று டாலருக்குச் சுமார் 42 ரூபாய். 149 டாலர் என்றால் 6,300 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, 669 என்றால் 28,000 ரூபாய்க்கு மேல், இறக்குமதி வரியெல்லாம் சேர்க்காமல். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தாலும் வரிகள் படிப்படியாகத்தான் இறங்கி 2005இல் பூஜ்யமாயின. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்பி ரோடு என்று ‘அசெம்பிள்ட்’ கம்ப்யூட்டர் செழித்ததற்கு ‘பிராண்டட்’ விலை எட்டாமல் இருந்தது முக்கியக் காரணம். அங்கே கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனை ஒரு வரலாற்று ஆவணமாகவே படிக்கலாம். முதல் வரி ப்ராசசர், அடுத்து மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், இப்படியே இறங்கும். கீழே ஓரிடத்தில் ‘கேபினெட்’ என்று ஒரு வரி. எஸ்எம்பிஎஸ் தனியாக இருக்காது, கேபினெட்டோடு சேர்ந்து வந்துவிடும்.

ப்ராசசரில் நடக்கும் வெட்டை எண்ணிலும் எழுத்திலும் கண்டுபிடித்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் நடக்கும் வெட்டு எதிலும் எழுதியிருக்காது. கேபினெட்டோடு இலவசம் மாதிரி வந்த ஒன்று, தன்மேல் ஒட்டிய வாட்ஸ் எண்ணை நிஜமாகத் தருமா என்பதை வாங்குகிறவர் அறிய வழியில்லை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் தைவானில் தயாரான மட்டமான மின்தேக்கிகள் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் போய்ச் சேர்ந்தன. ஓரிரு வருடத்தில் தலை உப்பி, கசிந்து, போர்டுகள் செத்தன. ஏபிட் உட்படப் பெயர்பெற்ற கம்பெனிகளே மாட்டிக்கொண்டன. ஆர்வலர்கள் கொண்டாடிய போர்டு கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், பட்ஜெட்காரன் எதைப் பார்த்து நம்புவது?

பூட்டைத் திறக்கும் விளையாட்டு அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. 2000 ஜூனில் வந்த ஏஎம்டி ட்யூரானில் மல்டிப்ளையரைத் திறக்கப் பென்சில் போதும். சில்லின் மேற்பரப்பில் அறுபட்ட சின்னச் சின்ன இணைப்புகளின் மேல் கோடு போட்டால், பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். 2009இல் ஃபீனம் 2 எக்ஸ்2 550 என்ற இரண்டு கோர் சில்லு 102 டாலருக்கு வந்தது. உள்ளே இருந்தது நான்கு கோர். அதிர்ஷ்டம் இருந்தால் பயாஸில் மற்ற இரண்டையும் எழுப்பலாம். அதிர்ஷ்டம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவற்றில் சிலதில் நிஜமாகவே பழுது, சிலதில் வெறும் பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2011இல் சாண்டி பிரிட்ஜோடு இன்டெல் கதவைச் சாத்தியது. போர்டின் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். அடிப்படை வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே மற்றதெல்லாம் தடுமாறும். ‘கே’ என்ற எழுத்துள்ள விலை உயர்ந்த மாடல்களுக்கு மட்டும் மல்டிப்ளையர் திறந்திருக்கும். சாவியையே ஒரு சரக்காக விலைப்பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

ஒருமுறை கதவு மறுபடி திறந்தது. பென்டியம் என்ற பெயருக்கு இருபது வருடமானதைக் கொண்டாட 2014இல் இன்டெல் ஜி3258 என்ற சில்லை வெளியிட்டது. 72 டாலர், இரண்டு கோர், மல்டிப்ளையருக்குப் பூட்டு இல்லை. 3.2 கிகாஹெர்ட்ஸில் வந்த அதைப் பலர் 4.5 வரை ஏற்றினார்கள். 300ஏ திரும்பி வந்துவிட்டது என்று எழுதினார்கள். அந்த நவம்பரில் ஃபார் க்ரை 4 வந்தது. இரண்டு கோர் மட்டுமே உள்ள கம்ப்யூட்டரில் அது கருப்புத் திரையோடு நின்றது, ஆட்டமே தொடங்கவில்லை. அதைச் சுற்றிப் போக ஆர்வலர்கள் ஒரு சின்னக் கோப்பை எழுதினார்கள். அதைப் போட்டால் கேம் திறந்தது, ஓடியது, நடுநடுவே சிக்கிச் சிக்கி நின்றது. 4.5 கிகாஹெர்ட்ஸ் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கேம் கேட்டது வேகத்தை இல்லை, நான்கு கைகளை.